மூத்தவளின் எக்ஸ்-ரே எங்கே?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பி குடித்துவிட்டுப் பத்திரிகையைப் பிரித்த சமயம், எதிர் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மனாக இருக்கிறவர். காரணம் இல்லாமல் யார் வீட்டுப் படியும் ஏறமாட்டார். கையில் ஒரு பெரிய பழுப்பு உறை. அதிலிருந்து இரண்டு கறுப்புப் படங்களை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சார், இது பெரியவளோட பல்லு. இது கிளிப் போடறதுக்கு முன்னாலே எடுத்தது. இது கழட்டினப்புறம் எடுத்தது. நீங்களே பாருங்க."

நான் வைத்தியன் அல்ல. ஆனால் அந்த இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வைத்தியம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. முதல் படத்தில் மேல் வரிசை முன்பற்கள் நான்கின் வேர்களும் நீண்டு, முனை கூராக எலும்புக்குள் இறங்கியிருந்தன. இரண்டாவதில் அதே வேர்கள், பள்ளிக்கூடத்தில் எழுதித் தேய்ந்த சாக்குக்கட்டியைப்போல் முனை மழுங்கிக் குட்டையாகிக் கிடந்தன. வெளியே பார்த்தால் அந்தப் பெண்ணின் பல் வரிசைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. சிரித்தால் பார்க்க அத்தனை அழகு. தேய்ந்ததெல்லாம் உள்ளே.

"பெரியவ விஷயம் முடிஞ்சு போச்சு சார். இப்போ சின்னவளுக்கும் அக்கா மாதிரியே பல்லு தூக்கலா இருக்கு. கிளிப் போடலாமா, வேண்டாமா? இது குடும்பத்திலே வர்ற கோளாறா? டாக்டரைக் கேட்டா, 'சில பேருக்கு அப்படி ஆகும்'னு ஒரே வார்த்தையிலே முடிச்சுட்டார்."

அந்தச் "சில பேர்" யார்? இது நியாயமான கேள்வி. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் இன்று பல குடும்பங்களைத் தொடுகிற கேள்வியும்கூட. சென்னையில் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரி 1953ல், மெடிகல் காலேஜின் ஒரு பகுதியாகத் துவங்கிய காலத்தில், இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பல் வைத்தியம் என்றால் வலி தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வருவதுதான். அதற்கே ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷன்வரை போகவேண்டும். இன்றைய நிலைமை வேறு. வேலப்பன்சாவடியில் சவீதா, மதுரவாயலில் மீனாட்சி அம்மாள், முகப்பேர் பக்கம் தாய் மூகாம்பிகை, போரூரில் ராமச்சந்திரா என்று ஒரு பஸ் தூரத்துக்குள் பல் கல்லூரிகள் வந்துவிட்டன. தெருவுக்கு ஒரு பல் டாக்டர் போர்டு தொங்குகிறது. சினிமா நட்சத்திரங்களும் ஜமீன் வீட்டுப் பிள்ளைகளும் மட்டும் செய்துகொண்ட பல் சீரமைப்பை இன்று ஃபோர்மன் வீட்டுப் பெண்ணும் செய்துகொள்கிறாள். இதில் எனக்குச் சந்தோஷமே தவிர வேறில்லை. தூக்கலான பல்லால் பள்ளியில் கேலிக்கு ஆளாகி, வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, வேர் ஏன் தேய்கிறது?

சுவரில் ஆணி அடித்தாற்போல் பல் எலும்பில் இறுகி நிற்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கமாக இழுக்கும்போது, அந்தப் பக்கத்துப் படலம் நசுங்குகிறது. உடனே சில உயிரணுக்கள் அங்கே வந்து எலும்பைக் கரைத்துப் பல்லுக்கு வழி விடுகின்றன. எதிர்ப் பக்கத்தில் புது எலும்பு வளர்ந்து இடைவெளியை அடைக்கிறது. இப்படித்தான் பல் மெள்ள மெள்ள நகர்கிறது. ஆனால் நசுக்கல் அதிகமானால், படலத்திலுள்ள ரத்த ஓட்டம் நின்று, அந்தச் சிறு இடம் செத்துப்போகிறது. செத்ததைத் துப்புரவு செய்ய வருகிற உயிரணுக்கள் அதோடு நிற்பதில்லை. வேரின்மேல் உள்ள பூச்சையும் சேர்த்து அரித்துவிடுகின்றன. பக்கவாட்டில் விழுந்த சிறு பள்ளங்களை உடம்பு பிறகு தானே பூசி மெழுகிக்கொள்கிறது. முனையில் குறைந்த நீளமோ திரும்பி வளர்வதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. ஆல்பர்ட் கெட்சம் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், எக்ஸ்-ரே படங்களை வைத்துக்கொண்டு 1927லேயே தம் சகோதர வைத்தியர்களை எச்சரித்தார். கம்பி கட்டுகிறவர்கள் அழகைப் பார்த்து மெய்ம்மறந்திருந்த காலம் அது. அதன் பிறகு ஏறக்குறைய நூறு வருஷமாக இதைப்பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

பயந்துவிட வேண்டாம். கம்பி கட்டிய பற்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஓரளவு தேயத்தான் செய்கிறது. சாதாரண எக்ஸ்-ரேயில் அளந்தால் அது இரண்டரை மில்லிமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். மேல் வரிசை நடுப்பல்லின் வேர் சுமார் 13 மில்லிமீட்டர் நீளம். அதில் ஒன்றோ இரண்டோ குறைந்தால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. நான்கு மில்லிமீட்டருக்கு மேலே, அல்லது வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே போவதைத்தான் கடுமையான தேய்வு என்கிறார்கள். அது நூற்றுக்கு 1 முதல் 5 வரையான பற்களில்தான். இழுப்பு நின்றால் தேய்வும் நின்றுவிடும். ஆகவே எதிர் வீட்டுப் பெண்ணின் பற்கள் நாளைக்கே விழுந்துவிடப் போவதில்லை. அவளுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். ஈறுநோய் வராமல் காத்துக்கொண்டால் பல்லாண்டு காலம் அந்தப் பற்களோடு சுகமாக இருக்கலாம்.

ஆனாலும் அந்த ஐந்துக்குள் ஒருத்தியாக ஏன் அவள் அகப்பட்டுக்கொண்டாள்? சிகிச்சை நீண்டுகொண்டே போனால், முன்பற்களை வெகு தூரம் பின்னுக்கு இழுத்தால், வேர் பிறவியிலேயே மெல்லியதாகவோ வளைந்தோ இருந்தால், சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லில் அடிபட்டிருந்தால் — அப்போதெல்லாம் அபாயம் கூடும். (எங்கள் வட்டாரத்துச் சாலைகளில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகளில் அடிபடாதவர்கள் யார் என்று கேட்கலாம்; அது வேறு விஷயம்.) ஆனால் இத்தனையும் சமமாக இருக்கிற இரண்டு பேருக்கு, ஒரே டாக்டர், ஒரே மாதிரிக் கம்பியைக் கட்டி, ஒரே அளவு இழுத்தாலும், ஒருவருக்கு வேர் கரைகிறது, மற்றவருக்கு அசையாமல் நிற்கிறது. இந்த இடத்தில்தான் பரம்பரை குறுக்கே வருகிறது.

ஹாரிஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் 1997ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கம்பி கட்டிக்கொண்ட உடன்பிறந்தவர்கள் 103 ஜோடிகளின் படங்களை எடுத்து, அண்ணன் வேரோடு தம்பி வேரையும், அக்காள் வேரோடு தங்கை வேரையும் ஒப்பிட்டார்கள். ஆளுக்கு ஆள் தேய்வில் காணும் வித்தியாசத்தில் சராசரி 70 சதவிகிதம் வரை பரம்பரையால் வருவதாகக் கணக்கிட்டார்கள். இந்த 70ஐப் பார்த்துவிட்டு, "நூறு பிள்ளைகளில் எழுபது பேருக்கு வேர் தேயும்" என்று படித்துவிடக் கூடாது. அப்படிப் படித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆட்களுக்குள் உள்ள வேற்றுமைக்குக் காரணம் எது என்பதைப் பற்றிய கணக்கு அது. நோய் எத்தனை பேருக்கு வரும் என்று அது சொல்லவில்லை.

2004ல் ஆஸ்திரேலியாவில் இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி வந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர், பின்னாளில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் பல் மருத்துவ நிலையத்துக்குத் தலைமை வகித்த நம் நாட்டு டாக்டர் ஓ. பி. கர்பந்தா. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் 16 ஜோடி. வெவ்வேறு கருவில் பிறந்த இரட்டையர் 10 ஜோடி. முதல் வகையில் ஒருவருக்குத் தேய்ந்தது போலவே மற்றவருக்கும் தேய்ந்திருப்பது 44.9 சதவிகிதம். இரண்டாம் வகையில் 24.7 சதவிகிதம்தான். பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதற்கு இது சாட்சி. ஆனால் இதிலேயே இன்னொரு சாட்சியும் ஒளிந்திருக்கிறது. அச்சில் வார்த்தாற்போல் ஒரே மரபணுக்களோடு பிறந்த இருவரில்கூடப் பாதிக்குமேல் ஒத்துப்போகவில்லையே! ஆகவே பரம்பரை மட்டும் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடவில்லை.

மரபணு என்றால் எது? இந்தக் கேள்விக்கு 2003ல் அமெரிக்காவின் இண்டியானா சர்வகலாசாலையிலிருந்து ஒரு பதில் வந்தது. 35 குடும்பங்களை ஆராய்ந்த அல்-கவாஸ்மி, ஹார்ட்ஸ்ஃபீல்டு முதலியவர்கள், இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற பொருளை உடம்பில் உண்டாக்கும் மரபணுவைச் சுட்டிக்காட்டினார்கள். அதன் ஒரு வடிவம் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஆக இரட்டையாக வந்து சேர்ந்தவர்களுக்கு, வேர் 2 மில்லிமீட்டருக்குமேல் தேயும் அபாயம் 5.6 மடங்கு என்று கண்டார்கள். ஆனாலும் மேல் நடுப்பல்லின் தேய்வில் காணும் வித்தியாசத்தில் அந்த ஒரு மரபணுவின் பங்கு 15 சதவிகிதம்தான்.

இந்த இன்டர்லூக்கின் செய்கிற வேலை என்ன என்பதைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். எலும்பைக் கரைக்கச் சொல்லி உத்தரவு கொடுக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. அப்படியானால் அது அதிகம் சுரப்பவர்களுக்குத்தானே வேர் தேய வேண்டும்? ஆராய்ச்சியாளர்களின் ஊகம் இதற்கு நேர்மாறானது. மழை பெய்து நெகிழ்ந்த மண்ணில் நட்ட கம்பத்தைக் கயிறு கட்டி இழுத்தால், மண் விலகிக் கொடுக்கும். கம்பம் சேதமில்லாமல் நகரும். கெட்டித் தரையில் நட்ட கம்பத்தை அதே பலத்தோடு இழுத்தால், தரை விலகாது, கம்பந்தான் அடிபடும். இன்டர்லூக்கின் குறைவாகச் சுரக்கிறவர்களுக்கு எலும்பு சீக்கிரம் கரைந்து வழி விடுவதில்லை. இழுப்பின் பாரமெல்லாம் வேரின்மேல் இறங்குகிறது. அந்த மரபணுவை நீக்கிவிட்ட சுண்டெலிகளின் பல்லை இழுத்துப் பார்த்தபோது, சாதாரண எலிகளைவிட வேர் அதிகம் தேய்ந்ததாக 2004ல் அறிவித்தார்கள்.

இதைப் படித்ததும், "ரத்தத்தையோ எச்சிலையோ கொடுத்து மரபணுச் சோதனை செய்துவிட்டால் தீர்ந்ததே!" என்று தோன்றும். எதிர் வீட்டுக்காரருக்கும் தோன்றியது. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால், தலை வழுக்கையிலிருந்து சர்க்கரை வியாதிவரை ஜாதகம் எழுதித் தருகிற கம்பெனிகள் இன்று உண்டு. பல் வேருக்காக அவர்களிடம் பணத்தைக் கொட்டவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். இண்டியானா ஆராய்ச்சிக்குப் பிறகு வேறு தேசங்களில் வேறு ஜனங்களிடம் செய்த ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. சிலவற்றில் அந்த மரபணுவுக்குச் சம்பந்தம் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. 2014ல் போர்ச்சுகலிலிருந்தும் 2015ல் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை பி2ஆர்எக்ஸ்7 என்ற வேறொரு மரபணுவைக் காட்டுகின்றன. அந்த அமெரிக்க ஆராய்ச்சி, சிகிச்சை எத்தனை காலம் நீள்கிறது என்பதையும் அதோடு சேர்த்தே சொல்கிறது. எந்த ஒரு மரபணுவைப் பார்த்தும், "இந்தப் பிள்ளைக்குத் தேயும், இந்தப் பிள்ளைக்குத் தேயாது" என்று பிரித்துவிட முடியாது. இண்டியானாவில் 35 வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குப் பொருந்தியது, திருமுல்லைவாயில் குடும்பத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எந்த ஆதாரத்தைக்கொண்டு நம்புவது?

நிற்க. காசில்லாத சோதனை ஒன்று நம் வீட்டுப் பீரோவிலேயே கிடக்கிறது. அதுதான் மூத்த பிள்ளையின் எக்ஸ்-ரே.

ஹாரிஸ் ஆராய்ச்சியின் சாரத்தை நம் பாஷையில் சொன்னால், தங்கையின் வேர் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அக்காளின் வேர் ஒரு துப்பு. எந்த மரபணு என்று தெரிய வேண்டியதுகூட இல்லை. எல்லா மரபணுக்களும் சேர்ந்து என்ன செய்தன என்பது அந்தப் படத்தில் பதிந்திருக்கிறது. நிச்சயமாகச் சொல்கிற சாட்சி அல்ல. ஆனால் இதைவிட மலிவான சாட்சி வேறில்லை. அப்படியிருந்தும், பல் சீரமைப்புக்குப் போன எத்தனை இடங்களில், "இந்தப் பிள்ளையின் அண்ணன், அக்காள், அப்பா, அம்மா யாராவது முன்பு கம்பி கட்டிக்கொண்டதுண்டா? அவர்களுக்கு வேர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்கள்? எதிர் வீட்டில் யாரும் கேட்கவில்லையாம். நான் விசாரித்த மற்றும் நாலு வீட்டில் மூன்றில் கேட்கவில்லை.

டாக்டர்களை மட்டும் குறை சொல்வானேன்? ஒரு கல்யாணம் என்றால் மூன்று தலைமுறைக்குக் குலம், கோத்திரம் விசாரிக்கிற ஜனங்கள் நாம். மாமன் பிள்ளைக்கு எத்தனை சம்பளம், அத்தை பெண்ணுக்கு எத்தனை சவரன் என்று எல்லாம் மனப்பாடம். அதே மாமன் பிள்ளைக்குக் கம்பி கட்டினபோது பல் ஆட்டம் கண்டதா என்று கேட்டால் முழிக்கிறோம். ஜாதகக் கட்டை மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறோம். எக்ஸ்-ரே படத்தை வீடு மாற்றும்போது பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறோம். இப்போதெல்லாம் படமும் கையில் கிடையாது; போனில் அனுப்பிவிடுகிறார்கள். போன் கெட்டால் படமும் போயிற்று.

ஆகவே பெற்றோருக்கு நான் சொல்வது: கம்பி கட்டுவதற்கு முன் எடுத்த படத்தையும், கழற்றிய பின் எடுத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பிள்ளையின் படம். காசு கொடுத்து எடுத்த படம். வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இளையவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் மேஜைமேல் வையுங்கள்.

அக்காளுக்குத் தேய்ந்ததென்றால் தங்கைக்குக் கம்பியே கூடாதா? அப்படி ஒன்றுமில்லை. அதிக எச்சரிக்கையோடு போகவேண்டும், அவ்வளவுதான். இழுப்பு மெல்லியதாக இருக்கவேண்டும். முதல் ஆறு மாதம் ஆனவுடன், மேல் முன்பற்களை மட்டும் சிறிய படமாக ஒரு தடவை எடுத்துப் பார்க்கவேண்டும். ஸ்வீடனில் லெவாண்டர், மால்ம்கிரென் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதில் வெகு காலம் உழைத்தார்கள். கடைசியில் கடுமையாகத் தேயப்போகிற பற்கள் முதல் சில மாதங்களிலேயே அடையாளம் காட்டிவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. அப்படி அடையாளம் காட்டிய பற்களுக்கு இரண்டு மூன்று மாதம் ஓய்வு கொடுத்து, பிறகு தொடர்ந்தால், விடாமல் இழுத்ததைவிடத் தேய்வு குறைந்தது என்று 1994ல் நிரூபித்தார்கள். ஓய்வு என்றால் கம்பியைக் கழற்றவேண்டும் என்பதில்லை. இழுக்காமல் சும்மா விட்டால் போதும். அதற்கும் மீறினால், பல் முழு நேராக வராவிட்டாலும் பாதகமில்லை என்று நிறுத்திக்கொள்ள டாக்டருக்கும் துணிவு வேண்டும். பெற்றோருக்கும் மனசு வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தட்டுகளில் இந்தத் தொல்லையே கிடையாது என்று யாராவது சொன்னால் அதையும் முழுக்க நம்பவேண்டாம். இழுப்பு எதுவானாலும் இழுப்புத்தானே!

ஒரு விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு. பரம்பரை என்ற சொல் டாக்டர்களுக்கு நல்ல கேடயமாகிவிடும். "எங்கள் மேல் தப்பில்லை, உங்கள் வம்சம் அப்படி" என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம். எதிர் வீட்டுப் பெரிய பெண், நான் அவளிடம் ஸ்வீடன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சட்டென்று கேட்டாள்: "எனக்கு ஆறாம் மாசம் யாருமே படம் எடுக்கலியே, மாமா?" என்னிடம் பதிலில்லை. அவளுக்கு இரண்டரை வருஷம் கம்பி இருந்தது. இடையில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. வேர் தேயும் சுபாவம் தகப்பனார் வழியில் வந்ததா, தாயார் வழியில் வந்ததா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆனால் பார்க்கவேண்டிய சமயத்தில் பார்க்காமல் விட்டது எந்த மரபணுவிலும் எழுதியிருக்கவில்லை. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு என்று தெரிந்த பிறகு, டாக்டரின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கல்லூரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பதிவேடுகளில் அக்காள் தங்கை, அண்ணன் தம்பி என்று ஒரே குடும்பத்திலிருந்து வந்தவர்களின் படங்கள் எத்தனையோ இருக்கவேண்டும். அவற்றை ஜோடி ஜோடியாக எடுத்து வைத்து அளந்து பார்க்க, விலை உயர்ந்த சோதனைச்சாலை வேண்டாம். நாலு மாணவர்களும் ஓர் அளவுகோலும் பொறுமையும் போதும். அத்தைமகள் மாமன்மகன் என்று உறவுக்குள்ளே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. இப்படிப்பட்ட ஜனங்களிடையே இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பல கல்லூரிகளும் சேர்ந்து சொன்னால், அது அம்பத்தூருக்கு மட்டுமல்ல, வெளிதேசத்தாருக்கும் உபயோகப்படும். பதிவேட்டில் "உடன்பிறந்தவர் யாராவது இங்கே சிகிச்சை செய்துகொண்டதுண்டா?" என்று ஒரு வரி சேர்த்தால்கூட ஆரம்பத்துக்குப் போதும்.

எதிர் வீட்டுக்காரர் இரண்டு வாரம் யோசித்தார். பிறகு சின்னப் பெண்ணை வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்த அம்மாள் பழுப்பு உறையிலிருந்த அக்காளின் படங்களை வெளிச்சப் பெட்டியில் வைத்து வெகு நேரம் பார்த்தாராம். பிறகு சின்னவளின் சீட்டில் முதல் வரியாக அதைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டாராம். கம்பி போட்டாகிவிட்டது. ஆறாம் மாதப் படத்துக்கு உரிய தேதியை ஃபோர்மன் தம் வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். பழுப்பு உறையும் அதே ஆணியில் தொங்குகிறது.